ஒரு பள்ளி மாணவரின் முடிவை ஊரே ஏன் கொண்டாடுகிறது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஆள்சேர்ப்பு எப்படி நடக்கிறது

2024 நவம்பர் 21, வியாழக்கிழமை இரவு. மிச்சிகன் மாநிலத்தில் பெல்வில் என்ற சிறு நகரத்தைச் சேர்ந்த 17 வயது பிரைஸ் அண்டர்வுட் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். கிட்டத்தட்ட 11 மாதங்களாக லூசியானாவின் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்துக்கு ஆடுவதாக வாக்குக் கொடுத்திருந்தவர், மனம் மாறி, வீட்டிலிருந்து அரை மணி நேர கார் பயணத்தில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கே ஆடப்போவதாகச் சொன்னார். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அன்று இரவு மிச்சிகன் ரசிகர்கள் கோப்பையை வென்றதுபோல் துள்ளினார்கள். லூசியானாவில் துக்க வீட்டுக் களை.

அண்டர்வுட் அப்போது 12-ஆம் வகுப்பில் இருந்தார். கல்லூரிக் களத்தில் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. அப்படிப்பட்டவரின் முடிவு எப்படி நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி ஆகிறது? இந்தக் கேள்வி இதை வெளியிலிருந்து பார்க்கும் எவருக்கும் வரும். ஆட்டத்தின் அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் பதில் பிடிபடும்.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடியும், எறிந்தும், எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோகும் ஆட்டம். ஒரு பக்கம் 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சி கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் போய்ச் சேரும் கை ஒன்று உண்டு. அவர்தான் குவாட்டர்பேக். எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடியில், தன்மேல் பாய்ந்து வரும் 130 கிலோ ஆட்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர். நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் சுமாரான அணியும் தேறும். அவர் சரியில்லை என்றால் மற்ற 10 பேர் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கரை சேர்வது கடினம். அண்டர்வுட் ஒரு குவாட்டர்பேக்.

கல்லூரி ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

தொழில்முறை லீகான என்.எஃப்.எல். 1920-இல்தான் தொடங்கியது. கல்லூரிகளுக்கு இடையே முதல் ஆட்டம் நடந்ததோ 1869-இல், ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும். அதாவது தொழில்முறை லீக் பிறக்கும்போதே கல்லூரி ஃபுட்பாலுக்கு ஐம்பது வயது. அதற்குள் ஊர்கள் தங்கள் அணியைத் தேர்ந்தெடுத்துவிட்டன. அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் இன்றுவரை என்.எஃப்.எல். அணியே கிடையாது; அங்கே பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. நெப்ராஸ்காவின் மைதானத்தில் 1962 முதல் ஒவ்வோர் உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்துகொண்டிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மொத்த மக்கள்தொகையை ஏறக்குறைய அப்படியே உள்ளே உட்கார வைத்துவிடலாம்.

இன்னொரு காரணம் விதியில் இருக்கிறது. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் யாரும் என்.எஃப்.எல்-இல் சேர முடியாது. இடைப்பட்ட காலத்தில் திறமையை வளர்க்க வேறு லீக் எதுவும் கிடையாது. ஆகவே எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் கல்லூரி என்ற வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும்.

இங்கே தேர்ந்தெடுப்பவர் யார்?

இதுதான் எல்லாவற்றுக்கும் மையம் என்பது என் கருத்து. என்.எஃப்.எல்-இல் 'டிராஃப்ட்' என்ற முறை உண்டு. முந்தைய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. அது யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர் அங்கே போக வேண்டும். ஐ.பி.எல். ஏலத்திலும் வீரரின் விருப்பத்துக்குப் பெரிய இடமில்லை. கல்லூரி ஃபுட்பாலில் இது தலைகீழ். அணி அழைக்கும், முடிவு செய்வது வீரர்.

அதனால் தோற்ற அணிக்கு நல்ல ஆள் தானாக வந்து சேரமாட்டார். வெல்லும் அணிக்குத்தான் நல்லவர்கள் போக விரும்புவார்கள். அவர்கள் போவதால் அது மேலும் வெல்லும். இந்தச் சுழலுக்கு வெளியே விழுந்த அணி பல ஆண்டுகள் எழுந்திருக்காது. ஆகவே பெயர்பெற்ற ஒரு பையன் 'நான் இங்கே வருகிறேன்' என்று சொல்லும்போது, ரசிகர்கள் அதை ஒரு வீரரின் வரவாக மட்டும் பார்ப்பதில்லை. எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய ஒருவர் நம் ஊரை, நம் பயிற்சியாளரை, நம் எதிர்காலத்தை நம்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மகிழ்ச்சியை அசட்டுத்தனம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காத்துக் கிடந்த வீட்டுக்கு 'சரி' என்ற பதில் வந்தால் வரும் மகிழ்ச்சி அது.

நட்சத்திரங்களை யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் பத்து லட்சம் பள்ளி மாணவர்கள் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். உயர்மட்டக் கல்லூரி அணிகள் 130 சொச்சம். இத்தனை பேரில் யார் தேறுவார் என்று கணிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் உண்டு: 247ஸ்போர்ட்ஸ், ரைவல்ஸ், இ.எஸ்.பி.என். இவர்கள் உயரம், எடை, ஓட்ட வேகம், ஆட்டப் பதிவு, பயிற்சி முகாமில் நேரில் பார்த்தது எல்லாவற்றையும் வைத்து இரண்டு முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருகிறார்கள்.

ஐந்து நட்சத்திரம் அபூர்வம். 247ஸ்போர்ட்ஸ் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்குத்தான் தருகிறது. என்.எஃப்.எல். டிராஃப்ட்டின் முதல் சுற்றில் 32 இடம் என்பதே அந்த எண்ணுக்குக் காரணம்; 'மூன்று நான்கு ஆண்டு கழித்து இவர் முதல் சுற்றில் போகும் தரம்' என்று சொல்வதுதான் ஐந்தாவது நட்சத்திரத்தின் பொருள். 2025-இல் கல்லூரியில் சேரும் மாணவர்களில் அண்டர்வுட் ஐந்து நட்சத்திரம் மட்டுமல்ல, முக்கியப் பட்டியல்களில் நாட்டின் முதல் இடம்.

ரசிகர்கள் இந்தப் பட்டியல்களுக்கு மாதச் சந்தா கட்டிப் படிக்கிறார்கள். பயிற்சியாளரின் தனி விமானம் எந்த ஊரில் இறங்கியது என்று விமானத் தடம் காட்டும் தளங்களில் தேடுபவர்களும் உண்டு. எந்தப் பையன் எந்தக் கல்லூரியின் புகைப்படத்துக்கு லைக் போட்டான் என்பதுவரை கணக்கு நடக்கும்.

அழைப்பிலிருந்து கையெழுத்து வரை

செய்திகளில் குழப்பம் வருவது பெரும்பாலும் இந்தப் படிகளில்தான். வரிசையாகப் பார்ப்போம்.

1. ஆஃபர்: கல்லூரி, 'உனக்கு ஸ்காலர்ஷிப் தருகிறோம், வா' என்று சொல்வது. ஒரு நல்ல மாணவருக்கு 30, 40 ஆஃபர்கூட வரும். ஒன்பதாம் வகுப்பிலேயே, சில சமயம் அதற்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு.

2. விசிட்: மாணவர் கல்லூரிக்குப் போய்ப் பார்ப்பது. 'அஃபிஷியல் விசிட்' என்றால் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் கல்லூரிச் செலவு. பயிற்சிக் கூடம், படிப்புக்கு உதவும் ஏற்பாடுகள், வருங்கால அறைத் தோழர்கள் எல்லாரையும் காட்டுவார்கள். அணியின் முழுச் சீருடையை மாட்டிவிட்டு, விளக்கெல்லாம் போட்டுப் புகைப்படமும் எடுப்பார்கள். அந்தச் சீருடையில் கண்ணாடி முன் நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே முழு விசிட்டும் திட்டமிடப்படுகிறது என்றுகூடச் சொல்லலாம். அம்மா அப்பாவும் கூடவே இருப்பார்கள். நல்ல பயிற்சியாளர்கள் அம்மாவிடம்தான் அதிக நேரம் பேசுவார்கள்.

3. கமிட்: 'நான் வருகிறேன்' என்று வாய்வார்த்தை கொடுப்பது. இதற்குச் சட்டப் பிடி எதுவும் கிடையாது. கல்லூரியும் கைவிடலாம், மாணவரும் மாறலாம். நிச்சயதார்த்தம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தாலி இன்னும் ஏறவில்லை.

4. ஃப்ளிப்: ஓரிடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வேறிடத்துக்கு மாறுவது. அண்டர்வுட் 2024 ஜனவரியில் எல்.எஸ்.யூ-வுக்குக் கமிட் ஆனார். நவம்பரில் ஃப்ளிப் ஆனார். கையெழுத்து நாளுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரம்.

5. சைனிங் டே: கையெழுத்துப் போடும் நாள். ரொம்ப காலமாக இது பிப்ரவரியின் முதல் புதன்கிழமை. 2017 முதல் டிசம்பரிலும் ஒரு முன்கூட்டிய காலம் வந்தது; இப்போது பெரும்பாலோர் அப்போதே போட்டுவிடுகிறார்கள். முன்பெல்லாம் கையெழுத்திட்ட தாள் ஃபேக்ஸில் வரும். பயிற்சியாளர்களும் அலுவலர்களும் விடிகாலையிலிருந்து ஃபேக்ஸ் இயந்திரத்தைச் சுற்றி நிற்பார்கள். தாள் மெல்ல இறங்கும்போது கைதட்டல் கிளம்பும்.

1964 முதல் இருந்துவந்த 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற அந்த ஒப்பந்தத் தாள் 2024 அக்டோபரில் கைவிடப்பட்டது. இப்போது நிதியுதவி ஒப்பந்தமே அதன் இடத்தில் இருக்கிறது. அதில் கையெழுத்தான பிறகு மற்றக் கல்லூரிகள் அந்த மாணவரைத் தொடர்புகொள்ளக் கூடாது.

சைனிங் டேயில் பள்ளி அரங்கத்தில் விழாவும் நடக்கும். மேசையில் மூன்று நான்கு கல்லூரிகளின் தொப்பிகள் வரிசையாக இருக்கும். மாணவர் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்தால் அதுதான் அறிவிப்பு. 2021 டிசம்பர் 15 அன்று ஜார்ஜியாவில் டிராவிஸ் ஹன்ட்டர் என்ற மாணவர் செய்தது இன்றும் பேசப்படுகிறது. நாட்டின் முதல் இடத்தில் இருந்தவர், ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவர். கடைசியில் அவர் தலையில் ஏறியது ஜாக்சன் ஸ்டேட் தொப்பி. மிசிசிப்பியில் இருக்கும் கறுப்பின மக்களின் வரலாற்றுப் பெருமை மிக்க அந்தப் பல்கலைக்கழகம் ஒரு படி கீழான பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. அப்போது அங்கே பயிற்சியாளர் டீயான் சாண்டர்ஸ். ஒரு காலத்தில் ஃப்ளோரிடா ஸ்டேட்டின் சொந்த நட்சத்திரம். அந்த ஊர் ரசிகர்களுக்கு எப்படி வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து நுழைந்தது?

2021 வரை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, சிறு செலவுத் தொகை மட்டும்தான். அதற்கு மேல் கை நீட்டினால் குற்றம். ரகசியமாகக் கொடுக்கப்பட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. டெக்சாஸின் எஸ்.எம்.யூ. பல்கலைக்கழகம் வீரர்களுக்குத் தொடர்ந்து பணம் கொடுத்து மாட்டிக்கொண்டபோது, 1987 சீசன் முழுவதையும் கட்டுப்பாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. அந்த அணி தலைநிமிரப் பல பத்தாண்டுகள் ஆயின.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ-வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழைப் பயன்படுத்திச் சம்பாதிக்கலாம் என்று கதவு திறந்தது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். விளம்பரத்துக்கு என்று தொடங்கியது, சீக்கிரமே வீரர்களை இழுக்கும் பணமாகவும் மாறியது. ஒவ்வொரு கல்லூரியின் வசதி படைத்த ரசிகர்களும் சேர்ந்து 'கலெக்டிவ்' என்ற நிதிக் குழுக்களை அமைத்தார்கள்.

2025 ஜூனில் என்.சி.ஏ.ஏ-வுக்கு எதிரான 'ஹவுஸ்' வழக்கின் சமரசம் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. அதன்படி 2025-26 கல்வியாண்டில் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வருமானத்திலிருந்து சுமார் 2.05 கோடி டாலர்வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். ஃபுட்பாலில் 85 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், அணியில் மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்தது.

மாணவர்களுக்குப் பணம் கொடுப்பது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. பிக் டென் என்ற ஒரே ஒரு கல்லூரிக் கூட்டமைப்பு 2022-இல் ஏழு ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 700 கோடி டாலருக்கு மேல் விற்றது. அந்த ஆட்டத்தில் முட்டி உடைப்பவருக்கு அதில் பங்கு இல்லை என்று சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

அப்புறம், அண்டர்வுட் விஷயத்தில் என்ன நடந்தது?

மிச்சிகன் 2024 ஜனவரியில்தான் வாஷிங்டனை 34-13 என்று வென்று தேசிய சாம்பியன் ஆகியிருந்தது. அதன் பிறகு பயிற்சியாளர் ஜிம் ஹார்பா என்.எஃப்.எல்-க்குப் போனார், குவாட்டர்பேக்கும் போனார். அடுத்த சீசனில் மூன்று பேரை அந்த இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டும் பந்தெறிவதில் அணி நாட்டின் கடைசி வரிசையில் கிடந்தது. அண்டர்வுட் அறிவித்த இரவில் மிச்சிகனின் கணக்கு 5 வெற்றி, 5 தோல்வி. வீட்டுப் பக்கத்திலேயே நாட்டின் முதல் குவாட்டர்பேக் வளர்ந்துகொண்டிருக்க, அவர் தெற்கே போகிறார் என்ற வருத்தம் வேறு.

அவரை மீட்கக் கலெக்டிவ் இறங்கியது. ஒப்பந்தம் ஒரு கோடி முதல் 1.2 கோடி டாலர்வரை இருக்கும் என்று செய்திகள் வந்தன. உதவியவர்களுக்கு நன்றி சொன்ன அறிக்கையில் 'லேரி, ஜோலின்' என்று இரண்டு பெயர்கள் இருந்தன. யார் இந்த லேரி என்று ரசிகர்கள் தேட, ஆரக்கிள் நிறுவனர் லேரி எலிசன் என்று தெரிந்தது. ஜோலின் அவர் மனைவி, மிச்சிகனில் படித்தவர்.

அந்தக் கொண்டாட்டத்தைப் பணம் ஜெயித்த கதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். பணம் எல்.எஸ்.யூ-விடமும் இருந்தது. உள்ளூர்ப் பையன் ஊரிலேயே தங்கினான் என்பது ரசிகருக்கு வேறு ஒரு கணக்கு. ஒன்பது நாள் கழித்து, யாருமே எதிர்பார்க்காத வகையில் மிச்சிகன் தன் பரம வைரி ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வென்றது. அண்டர்வுட் அதில் ஆடவில்லை, ஆடவும் முடியாது. ஆனால் அந்த நவம்பரை மிச்சிகன்காரர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

நட்சத்திரக் கணிப்பு எவ்வளவு தூரம் பலிக்கும்?

கூட்டமாகப் பார்த்தால் நன்றாகவே பலிக்கும். நவீன காலத்துச் சாம்பியன் அணிகளில் பெரும்பாலானவை நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்களைப் பாதிக்கு மேல் சேர்த்து வைத்திருந்த அணிகள்தான். ஐந்து நட்சத்திரக்காரர் என்.எஃப்.எல்-க்குப் போகும் வாய்ப்பு மூன்று நட்சத்திரக்காரரைவிடப் பல மடங்கு அதிகம்.

தனி ஆளாகப் பார்த்தால் கதை வேறு. கலிஃபோர்னியாவில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த ஜாஷ் ஆலனுக்குப் பள்ளி முடித்தபோது உயர்மட்டக் கல்லூரி ஒன்றுகூட ஸ்காலர்ஷிப் தரவில்லை. இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். வயோமிங் பல்கலைக்கழகம் அழைத்தது. 2024 சீசனில் என்.எஃப்.எல்-இன் மிகச் சிறந்த வீரர் அவர்தான். ஃபெர்னாண்டோ மென்டோஸா முதலில் யேலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அங்கிருந்து இண்டியானா. 2025-இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவர் கையில்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜேடன் ரஷாடா என்ற குவாட்டர்பேக், 1.385 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு மயாமியிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு 2022 நவம்பரில் ஃப்ளிப் ஆனார். பணம் வரவில்லை. 2023 ஜனவரியில் விடுவிக்கச் சொல்லி வெளியேறி, அரிசோனா ஸ்டேட்டுக்குப் போனார். பிறகு விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

கையெழுத்து ஆகிவிட்டாலும் நிலையில்லை என்பதற்கு இன்னொரு காரணம் 2018-இல் வந்த 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்'. வீரர் தன் பெயரை அதில் போட்டால் வேறு கல்லூரிகள் அழைக்கலாம். முன்பு மாறினால் ஓராண்டு உட்கார வேண்டும். அந்தத் தடையும் படிப்படியாகப் போய்விட்டது.

பையனின் பக்கத்திலிருந்து

அறிவிப்பு வெளியிடும் மாணவர்கள் அடிக்கடி ஒரு வரி சேர்ப்பார்கள்: 'என் முடிவை மதியுங்கள்.' வேண்டாம் என்று சொல்லப்பட்ட கல்லூரியின் ரசிகர்களிடமிருந்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை வளர்ந்த ஆட்கள் கைபேசி வழியே ஏசுவது இந்த உலகத்தின் மிக மோசமான பழக்கம். கல்லூரி நிர்வாகங்களே 'ரசிகர்கள் மாணவர்களை நேரடியாகத் தொடர்புகொள்ளாதீர்கள், விதிமீறல் ஆகலாம்' என்று எச்சரிக்கின்றன.

எதிர்பார்ப்பின் சுமை இன்னொன்று. பெய்டன், ஈலை என்ற இரு என்.எஃப்.எல். சாம்பியன்களின் அண்ணன் மகன் ஆர்ச் மேனிங்கும் குவாட்டர்பேக்தான். 2022 ஜூன் 23 அன்று ஒரே ஒரு வரியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். முதல் இரண்டு ஆண்டும் பெரும்பாலும் காத்திருந்தார். 2025-இல் அவர் தலைமையில் டெக்சாஸ் ஏ.பி. செய்தி நிறுவனம் சீசனுக்கு முன் வெளியிடும் தரவரிசைப் பட்டியலில் தன் வரலாற்றில் முதல்முறையாக முதலிடம் பெற்றது. முதல் ஆட்டத்திலேயே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 14-7 என்று தோற்றது. மறுநாளே 'ஏமாற்றம்' என்ற சொல் எங்கும் கேட்டது. அவருக்கு அப்போது வயது 21.

டெக்சாஸ் தோற்ற அதே நாளில் ஆன் ஆர்பரில் அண்டர்வுட் 19-ஆம் எண் சட்டையில் களமிறங்கினார். நியூ மெக்சிகோவுக்கு எதிராக 251 கெஜம் எறிந்தார். மிச்சிகன் 34-17 என்று வென்றது. அடுத்த வாரம் ஓக்லஹோமாவில் தோல்வி. சீசனின் கடைசி வழக்கமான ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 27-9. டிசம்பரில் அவரைச் சேர்த்த தலைமைப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் பதவி நீக்கப்பட்டார். யாரை நம்பி வந்தாரோ அவர் ஓராண்டு கடந்ததுமே இல்லை.

2025-இன் கடைசி நாளில் ஆர்லாண்டோவில், சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டங்களில் ஒன்றான சிட்ரஸ் பௌல். ஒரு பக்கம் மேனிங், மறு பக்கம் அண்டர்வுட். டெக்சாஸ் 41-27 என்று வென்றது. அண்டர்வுட்டுக்கு அப்போது வயது 18. விதிப்படி 2028-க்கு முன்னால் என்.எஃப்.எல். கதவு அவருக்குத் திறக்காது.